பெல்லட் எவ்வளவு உள்ளே போகணும்? ஏர் ரைஃபிள் பழகுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வந்து 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகளும், கூட வரும் பெற்றோரும் ரேஞ்சில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எல்லாமே பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டைச் சுற்றியவை. எது வாங்குவது, எந்த சைஸ், பேரலுக்குள் எந்த ஆழத்தில் உட்கார வேண்டும், எப்படிச் சோதிப்பது என்பவைதான். ரைஃபிள் 0.177, அதாவது 4.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறோம்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் தோட்டா செய்யும்போது ‘சீட்டிங் டெப்த்’ என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். ஏர் ரைஃபிளுக்கும் அது உண்டா?

உண்டு, ஆனால் விஷயம் வேறு. அவர்கள் பேசுவது வெடிமருந்துத் தோட்டா. பித்தளைக் கூட்டுக்குள் குண்டை எவ்வளவு ஆழம் இறக்குகிறோம் என்பதைப் பொறுத்து, சுட்டதும் குண்டு பேரலுக்குள் சுழலாக வெட்டியிருக்கும் வரிகளைத் தொடுவதற்கு முன் தாண்ட வேண்டிய இடைவெளி மாறும். ரொம்ப ஆழமாக இறக்கினால் கூட்டுக்குள் இடம் குறைந்து அழுத்தம் எகிறும். வரிகளில் முட்டும்படி வெளியே விட்டாலும் அழுத்தம் எகிறும். அதனால்தான் அங்கே அத்தனை அளவெடுப்பு.

நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி குற்றம். அதைப் பார்த்து வீட்டில் முயற்சி செய்யும் எண்ணமே வேண்டாம். 50 மீட்டருக்குப் போகிறவர்கள் சுடும் 0.22 தோட்டாவும் தொழிற்சாலையில் மூடி வருவதுதான். அதில் ஆழத்தை மாற்றுகிற பேச்சே இல்லை, பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாற்றிப் பார்ப்பது மட்டும்தான்.

ஏர் ரைஃபிளில் பெல்லட்டைக் கையால் வைக்கும்போதே அதன் தலை வரிகளில் போய் உட்கார்ந்துவிடுகிறது. தாண்ட வேண்டிய இடைவெளி கிடையாது. இங்கே ஆழம் என்றால் மூன்று விஷயம்: பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும் ஸ்கர்ட் நசுங்காமல் இருக்கிறதா, காற்று பக்கவாட்டில் கசியாமல் அடைக்கிறதா, ஒவ்வொரு ஷாட்டிலும் அதே இடத்தில் இருக்கிறதா. மூன்றாவதுதான் முக்கியம். ஆழம் அரை மில்லி கூடினாலும் குறைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஒரு ஷாட்டில் கூடி அடுத்ததில் குறைந்தால்தான் நஷ்டம்.

கிளப்பில் உள்ள பிசிபி (சிலிண்டரில் நிரப்பிய காற்றால் சுடும்) மேட்ச் ரைஃபிளில் நான் அந்த ஆழத்தை மாற்ற முடியுமா?

முடியாது, மாற்றவும் வேண்டாம். லீவரை மூடும்போது ஒரு ஊசி போன்ற முனை பெல்லட்டைத் தள்ளி, காற்று வரும் துளைக்குச் சற்று முன்னால் வரிகளுக்குள் நிறுத்துகிறது. அந்தத் தூரத்தைத் தயாரிப்பாளரே வைத்துவிட்டார். உங்கள் வேலை பெல்லட்டை நேராக வைப்பதும், லீவரை எப்போதும் ஒரே வேகத்தில் மூடுவதும்.

லீவர் பாதியில் தடுத்தால் அழுத்தாதீர்கள். பெல்லட் தலைகீழாகவோ சாய்ந்தோ கிடக்கும். திறந்து பாருங்கள். அவசரத்தில் அழுத்தி மூடினால் ஸ்கர்ட் ஒரு பக்கம் மடங்கும், அந்த ஷாட் எட்டாம் வளையத்துக்குப் போகும். பிள்ளைகள் அது தங்கள் கை நடுங்கியதால் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பத்து ஷாட்டையும் கெடுத்துக்கொள்வார்கள். இன்னொன்றும் நடக்கும். சுட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் ஒன்றின் மேல் இன்னொரு பெல்லட்டை வைத்துவிடுவது. இரண்டும் சேர்ந்து மெதுவாகப் போய் டார்கெட் கார்டின் கீழ்ப்பகுதியில் விழும்.

வீட்டில் இருப்பது பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைஃபிள். கட்டைவிரலால் அழுத்தினால் போதாதா?

ஓரளவு போதும். ஸ்கர்ட்டின் விளிம்பு பேரலின் பின்முகத்தோடு சமமாக வர வேண்டும், அதுதான் குறைந்தபட்சம். நகத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், எதிலும் தடுக்கக் கூடாது. விளிம்பு கால் மில்லி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பேரலை மூடும்போது அந்த இடம் நசுங்கும். நசுங்கிய ஸ்கர்ட் வழியாகக் காற்று ஒரு பக்கம் மட்டும் முந்தி வெளியேறும், பெல்லட் முகவாயை (பேரலின் முன் வாயை) தாண்டும் நொடியிலேயே சாய்ந்துவிடும்.

கட்டைவிரலின் சிக்கல், அது சதை. பெல்லட் இறுக்கமாக இருந்தால் சமமாக நிற்கும், தளர்வாக இருந்தால் உள்ளே கொஞ்சம் போய்விடும். ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் வந்து காற்றை அழுத்தி, அந்த அழுத்தம் ஒரு அளவை எட்டியதும்தான் பெல்லட் தன் இடத்தை விட்டுக் கிளம்புகிறது. எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பது ஷாட்டுக்கு ஷாட் மாறினால் கிளம்பும் அழுத்தமும் மாறும், வேகமும் மாறும். கார்டில் அது மேலும் கீழுமாகத் தெரியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பேரலை மடக்கி பெல்லட் வைக்கும் நேரம் முழுவதும் மற்றொரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ட்ரிகர் தவறிப் பட்டாலோ உள்ளே கொக்கி வழுக்கினாலோ பேரல் சடாரென்று மேலே அடிக்கும். விரல் நடுவில் இருந்தால் விரல் போய்விடும்.

ஆழமாக வைக்க பால்பாயிண்ட் பேனா மூடியைப் பயன்படுத்துகிறார்களே?

நாமும் பார்க்கிறோம். பேனா கொஞ்சம் சாய்ந்தாலும் பெல்லட்டும் சாயும், ஆழத்துக்கும் கணக்கில்லை. லேத் பட்டறையில் 10 மி.மீ. நைலான் ராடு ஒரு துண்டு கொடுத்து, ஒரு முனையை மட்டும் 4.3 மி.மீ. விட்டத்துக்குக் கடையச் சொல்லுங்கள். அந்தச் சின்ன முனையின் நீளம் 1 மி.மீ. இருக்கட்டும், அதன் முகம் தட்டையாக இருக்கட்டும். உள்ளே தள்ளும்போது ராடின் அகலமான தோள் பேரலின் முகத்தில் முட்டி நிற்கும். பெல்லட் ஒவ்வொரு முறையும் சரியாக 1 மில்லிதான் உள்ளே போகும். மறுமுனையில் அரை மில்லி நீளத்துக்கு இன்னொன்று கடைந்துகொண்டால் ஒரே கருவியில் இரண்டு ஆழம். நைலான் கிடைக்காவிட்டால் பித்தளை. இரும்பு வேண்டாம், வரிகளின் தொடக்கம் கீறினால் பேரலே கெட்டுப்போகும்.

சரி, எந்த ஆழம் நல்லது? ஒரு எண் சொல்லுங்கள்.

எண் சொன்னால் பொய்யாகிவிடும், ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். சோதிக்கும் வழி இதுதான்.

ஒரே டின், ஒரே நாள், ஒரே ஆள். மணல் மூட்டையின் மேல் ரைஃபிளைத் தாங்கும் இடது கை, எப்போதும் பிடிக்கும் அதே இடத்தில், அதே இறுக்கத்தில். ஸ்பிரிங் ரைஃபிள் துள்ளும், அந்தத் துள்ளலை இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்த்தால் பிடியைத்தான் சோதிப்பீர்கள், பெல்லட்டை அல்ல. உள்ளங்கையில் தளர்வாக உட்காரட்டும். முதல் 15 ஷாட்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுத் தள்ளுங்கள். பிறகு சமமாக 10, அரை மில்லி உள்ளே 10, ஒரு மில்லி உள்ளே 10. அதோடு நிறுத்திவிட வேண்டாம். அதே மூன்றையும் தலைகீழ் வரிசையில் இன்னொரு முறை சுடுங்கள். ஏனென்றால் முதலில் சுட்டதுக்குக் கை புதுசு, கடைசியில் சுட்டதுக்குக் கை சோர்வு. ஒரே வரிசையில் சுட்டால் சோர்வையும் ஆழத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இரண்டு சுற்றிலும் ஒரே ஆழம் ஜெயித்தால், அதாவது அதன் ஓட்டைகளே மிக நெருக்கமாக விழுந்தால், அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் இது, மறு சுற்றில் அது என்றால் உங்கள் ரைஃபிளுக்கு ஆழம் பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்று அர்த்தம். அப்போது அரை மில்லியில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். ரொம்ப ஆழமாக, 2 மில்லிக்கு மேல், தள்ளுவதில் லாபமில்லை. பெல்லட்டுக்குப் பின்னால் காலி இடம் கூடும், அந்த இடத்தை நிரப்பவே காற்றின் ஒரு பங்கு செலவாகும், வேகம் குறையும்.

டின்னில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கிறதே, எது வாங்க?

அது பெல்லட் தலையின் விட்டம் மில்லிமீட்டரில். மேட்ச் பேரல்களில் பெரும்பாலும் 4.49 அல்லது 4.50 ஒத்துவரும். ஆனால் ஒரு கம்பெனியின் 4.50-உம் இன்னொன்றின் 4.50-உம் ஒன்றாக இருக்கும் என்று நம்பி மொத்தமாக வாங்காதீர்கள். பல சைஸ் கலந்த சாம்பிள் பெட்டி கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள்.

சுடுவதற்கு முன்பே பாதியை வடிகட்டிவிடலாம். விரலால் வைக்கும்போது பெல்லட் தானாக வழுக்கி உள்ளே போனாலோ, பேரலைத் தூக்கினால் வெளியே விழுந்தாலோ தலை சின்னது. கட்டைவிரலில் வட்டத் தடம் பதியும் அளவு அழுத்த வேண்டியிருந்தால் பெரியது. நடுவில் இருப்பது லேசாகத் தடுத்து, ‘டக்’ என்று உட்காரும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. பிசிபியில் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே மிச்சக் காற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பெல்லட்டை வைத்து கிளீனிங் ராடால் பின்னாலிருந்து முன்னால் மெதுவாகத் தள்ளுங்கள். முகவாயில் மெல்லிய துணி பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்றை வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தலையைச் சுற்றிலும் வரித் தடங்கள் மெல்லிய கோடுகளாக, எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் இருந்தால் சைஸ் சரி. ஸ்கர்ட்டில் மட்டும் தடம், தலை பளபளவென்று இருந்தால் தலை வரிகளைத் தொடவே இல்லை. பேரலுக்குள் ஆடிக்கொண்டு போகும். தலையின் விளிம்பில் ஈயம் சீவிய மாதிரி ஒரு இழை ஒட்டியிருந்தால் தலை பெரிது. தள்ளும்போது கையும் பேசும். கடைசி சில அங்குலத்தில் லேசாக இறுகுவது முகவாயில் பேரல் கொஞ்சம் குறுகுவதால்தான், பழுது என்று நினைக்க வேண்டாம்.

5 ஷாட் குரூப் ஒரே ஓட்டையாக வந்தது. அந்த பெல்லட்டையே வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 5 ஷாட் ஏமாற்றும். ஷாட் எண்ணிக்கை கூடக் கூட குரூப், அதாவது கார்டில் ஓட்டைகள் விழும் கொத்து, விரியத்தான் செய்யும். நல்ல பெல்லட், கெட்ட பெல்லட் இரண்டுமே ஒருமுறை 5 ஷாட்டில் ஒரே ஓட்டை போடும். 10 ஷாட் குரூப் நான்கு சுட்டு, நான்கின் சராசரியைப் பாருங்கள். முடிந்தால் கிளப்பில் ரைஃபிளை வைஸில் பிடித்துச் சோதியுங்கள், உங்கள் மூச்சு அதில் கலக்காது.

அளப்பது எப்படி என்றால், வெர்னியரில் குரூப்பின் வெளி விளிம்பிலிருந்து எதிர் வெளி விளிம்பு வரை அளந்து, அதிலிருந்து 4.5 மி.மீ. கழியுங்கள். மேட்ச் பிசிபியில் வெளி விளிம்பு அளவு 7 மி.மீ.க்குள் நின்றால் நல்ல பேட்ச். சாதாரணக் காகிதத்தில் ஓட்டை கிழிந்துபோகும். மேட்ச் கார்டில்தான் தட்டைத் தலை பெல்லட் சுத்தமாக வெட்டும்.

பிசிபியில் சோதிக்கும்போது சிலிண்டர் மீட்டர் 100 பாருக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கீழே போனால், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் தடுமாற்றத்துக்கும் பெல்லட்டே பழி சுமக்கும்.

பெல்லட்டால் எனக்கு உண்மையில் எத்தனை பாயிண்ட் போகும்?

காசு செலவழிக்கும் முன் போட வேண்டிய கணக்கு இது. 10 மீட்டர் ரைஃபிள் கார்டில் பத்து என்பது அரை மில்லி விட்டமுள்ள புள்ளி. பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டாலே 10.0. அதாவது பெல்லட்டின் நடு, கார்டின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. தள்ளியிருந்தாலும் பத்து. அதற்குள் ஒவ்வொரு கால் மில்லிக்கும் ஒரு தசமம்: கால் மில்லிக்குள் 10.9, அரை மில்லிக்குள் 10.8 என்று.

இப்போது ஒரு பேட்ச் 7 மி.மீ. குரூப் போடுகிறது என்று வையுங்கள். 4.5 கழித்தால் நடுவுக்கு நடு 2.5 மி.மீ. குரூப்பை நடுவில் வைத்தால் மிக மோசமான ஷாட்டே 1.25 மி.மீ. தள்ளி, அதாவது 10.5. வேறொரு பேட்ச் 8.5 மி.மீ. போட்டால் மோசமான ஷாட் 2 மி.மீ. தள்ளி, 10.2. இரண்டுக்கும் நடுவே மோசமான ஷாட்டில் 0.3 வித்தியாசம். சராசரியில் அதைவிடக் குறைவு.

60 ஷாட்டில் 625-க்கு மேல் சுடுகிறவருக்கு அந்தத் தசமங்கள் ஃபைனலுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். 590-இல் இருக்கும் பிள்ளைக்கு ஷாட்டுகள் 9-க்கும் 8-க்கும் போய்க்கொண்டிருக்கும். அது பெல்லட்டின் குற்றமில்லை, நிற்கும் நிலையிலும் ட்ரிகர் விரலிலும் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஒத்துவருகிற ஏதாவது ஒரு மேட்ச் பெல்லட் போதும். பேட்ச் தேடி அலைவதற்குச் செலவாகும் காசில் கூடுதலாகப் பத்து நாள் பயிற்சி வாங்கலாம்.

ஒவ்வொரு பெல்லட்டையும் எடை போட்டுப் பிரிக்கணுமா?

தெற்காவணி மூல வீதியில் தங்கம் நிறுக்கிற தராசு மாதிரி 1 மில்லிகிராம் காட்டும் தராசு கையில் இருந்தால் ஆசைக்கு ஒருமுறை செய்து பாருங்கள். கணக்கு இப்படி வரும். 0.53 கிராம் பெல்லட்டில் 5 மில்லிகிராம் வித்தியாசம் என்பது சுமார் 1 சதவீதம். அதே காற்று தள்ளும்போது வேகம் அரை சதவீதம் குறையும். விநாடிக்கு 170 மீட்டரில் போகும் பெல்லட்டுக்கு அது 0.85 மீட்டர். 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் சுமார் 17 மி.மீ. கீழே இறங்குகிறது. இந்த வேகக் குறைவால் கூடுதலாக இறங்குவது 0.2 மி.மீ.கூட இல்லை, ஒரு தசமத்துக்கும் கம்மி.

ஆகவே எடை போடுவதைவிடக் கண்ணால் பார்ப்பது பெரிய லாபம். ஒரு கண்ணாடித் தகட்டில் பெல்லட்டை மெதுவாக உருட்டுங்கள். ஸ்கர்ட் தலையைவிடக் கொஞ்சம் பெரிது என்பதால் நேராகப் போகாமல் வளைந்து போகும், அது சரி. வளைவு சீராக இல்லாமல் தத்தித் தத்திப் போனால் ஸ்கர்ட்டில் நெளிவு. அதைப் பயிற்சியின் முதல் ஷாட்டுகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். கீழே விழுந்த பெல்லட்டும் அப்படித்தான். மேட்ச் ஈயம் மென்மையானது, சிமெண்ட் தரையில் ஒருமுறை விழுந்தால் நெளியும்.

ஹெவி, லைட் என்று இரண்டு வகை இருக்கிறதே?

ரைஃபிளுக்குப் பொதுவாக 0.53 கிராம் பக்கம் உள்ளது, பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.50 வரை. இது சட்டமில்லை, பேரலுக்குப் பிடித்தால் லைட்டும் ரைஃபிளில் போடலாம். டின்னில் கிரெயின் என்று இருந்தால் 1 கிரெயின் 0.0648 கிராம். 8.2 கிரெயின் என்பது அந்த 0.53 கிராம்தான். தலை தட்டையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். கூர்முனை பெல்லட் கார்டைக் கிழிக்கும், ஓட்டை சரியாகத் தெரியாமல் பாயிண்ட் கணக்கே தகராறாகும்.

ஒத்துவந்த பேட்ச் கிடைத்தது. எத்தனை டின் வாங்க?

டின்னின் அடியில் உள்ள லாட் எண்ணை (அதுதான் பேட்ச் எண்) போட்டோ எடுத்துக்கொண்டு, அதே எண் உள்ளதையே கேளுங்கள். பிராண்டும் சைஸும் ஒன்றாக இருந்து லாட் மாறினால் மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 80 ஷாட், வாரம் 5 நாள் என்றால் 400. ஒரு டின் 500, ஒன்றேகால் வாரம் வரும். 10 டின் வாங்கினால் மூன்று மாதம் ஓடும். போட்டி சீசனுக்கு முன் அவ்வளவு வாங்கினால் போதும். பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று வைப்பதில் தவறில்லை. ஆனால் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் போட்டிப் பெல்லட்டையே சுடுங்கள். பெல்லட் மாறும்போது குரூப்பின் நடுவும் இடம் மாறும், பேரலும் பழக 15, 20 ஷாட் எடுக்கும்.

மதுரை வெயிலில் பெல்லட் கெடுமா?

வெயிலில் ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது, ஈரத்தில்தான் ஆகும். ஐப்பசி அடைமழையில் டின்னைத் திறந்து போட்டால் மேலே வெள்ளையாகப் பொடி பூக்கும். அந்தப் பெல்லட்டைப் பேரலுக்குள் விடாதீர்கள். மூடியை டேப் போட்டு ஒட்டி வையுங்கள். பெல்லட்டைப் பாக்கெட்டில் சில்லறையோடு போட்டுக்கொண்டு திரிவதும் கூடாது.

வெயில் தொல்லை கொடுப்பது சிலிண்டருக்கு. காலையில் 30 டிகிரியில் 200 பார் நிரப்பி, ரைஃபிள் பெட்டியைச் சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுப்போனால், சிலிண்டர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது உள்ளே 220 பார் ஆகிவிடும். நிரப்பும்போது கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தால் இன்னும் மோசம். ரைஃபிளைக் காரில் விட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 10 ஆண்டு தாண்டியது போட்டிக் கட்டுப்பாட்டு மேசையைத் தாண்டாது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

பேரலை எப்போது கிளீன் செய்ய?

குரூப் திறக்க ஆரம்பித்தால், அல்லது ஒரு டின் இரண்டு டின்னுக்கு ஒருமுறை. துப்பாக்கிக் கிளீனிங்குக்கென விற்கும் ஃபெல்ட் துண்டுகளைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளினால் போதும். கறுப்பு போய்ச் சாம்பலானதும் நிறுத்துங்கள். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் பேரலில் விடாதீர்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் எண்ணெய் சூட்டில் பற்றி டீசல் மாதிரி வெடிக்கும், ஸ்பிரிங்கும் சீலும் போகும்.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று குரூப் பரவுகிறது. எங்கே பார்க்க?

பெல்லட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஸ்டாக் ஸ்க்ரூ, சைட் பிடிக்கும் ஸ்க்ரூ, ஸ்பிரிங் ரைஃபிளில் பேரல் மடங்கும் இடத்து போல்ட். பாதிக் கேஸ் அங்கேயே முடியும்.

குரூப் மேலும் கீழும் நீண்டிருந்தால் வேகம் மாறுகிறது. குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகம் அளக்கும் கருவி) இருந்தால் 10 ஷாட் சுட்டு, அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மேட்ச் பிசிபியில் விநாடிக்கு 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த 3 மீட்டரே கார்டில் 0.6 மி.மீ., இரண்டு தசமத்துக்கு மேல். குரோனோ இல்லாவிட்டால் டிஷ்யூ பேப்பரை மெல்லிய கீற்றாகக் கிழித்து, பேரலும் பிரீச்சும் (பேரலின் பின்பக்கம் மூடும் பகுதி) சேரும் இடத்துக்கு மேல் வைத்துச் சுடுங்கள். கீற்று படபடத்தால் காற்று அங்கே கசிகிறது, அங்குள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. குண்டூசியால் தோண்டி எடுத்துக் கீறிவிடாமல் மரக்குச்சியால் எடுத்து, அதே அளவு புதியது போடுங்கள்.

குரூப் பக்கவாட்டில் நீண்டால் பெரும்பாலும் ஆள்தான். ரைஃபிள் சாய்வு, கன்னம் வைக்கும் இடம், ட்ரிகரைப் பக்கமாக இழுப்பது.

ஒன்பது ஷாட் கொத்தாக, ஒன்று மட்டும் தனியே போய், நீங்கள் ட்ரிகர் விட்டது சுத்தம் என்று மனசு சொன்னால், அதுதான் பெல்லட். நசுங்கின ஸ்கர்ட்.

ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே, பிள்ளைகள் தொடலாமா?

தொடலாம், கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. பிரேக்கில் வடையும் டீயும் எடுக்கும் முன் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் ஈயக் கறை போகாது. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது, பார்த்த அன்றே நிறுத்துங்கள். டார்கெட் பக்கம் விளக்குமாறு போட்டுப் பெருக்கினால் தூசி மூச்சில் போகும், ஈரத் துணியால் துடையுங்கள். சுட்ட ஈயத்தை டப்பாவில் சேர்த்துப் பழைய ஈயம் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம், கால்வாயில் கொட்ட வேண்டாம்.

லைசென்ஸ் வேண்டுமா? மொட்டை மாடியில் சுடலாமா?

0.177 காலிபரில், 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. கடையில் அடையாள அட்டை நகல் வாங்கிப் பதிவு செய்துகொள்வார்கள். 0.53 கிராம் பெல்லட்டை 170 மீட்டர் வேகத்தில் விடும் மேட்ச் ரைஃபிள் ஏழரை ஜூல் சொச்சம்தான். 0.22 ஏர் ரைஃபிள் வாங்கினால் கதை வேறு. பில்லை ரைஃபிள் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் போகும்போது கேட்பார்கள்.

மாடியில் 10 மீட்டர் அளந்து சுட இடம் இருந்தால், டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட் ட்ராப் வேண்டும். மேல் பகுதி சுடுகிறவர் பக்கம் சாய்ந்த இரும்புத் தகடு, அடியில் பெட்டி, பெட்டிக்குள் மணல். தகட்டை நேராக நிறுத்தினால் ஈயத் துணுக்கு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பலகையை மட்டும் நம்பாதீர்கள், ஸ்பிரிங் ரைஃபிள் பெல்லட் அதில் முட்டித் திரும்பும். ட்ராப்பைச் சுற்றிப் பக்கத்து வீட்டு மாடியோ தெருவோ தெரியாதபடி சுவர் இருக்க வேண்டும். ஆடிக் காற்றில் மாடியில் சுட்டு பெல்லட் சோதிப்பது வீண். கார்டு படபடக்கும், ஆளும் ஆடுவார்.

அழகர்கோவில் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் மயில் பயிரைத் தின்கிறது என்று ஏர் ரைஃபிளைப் பற்றி விசாரிக்கிறார்கள். மயிலைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கிளியும் அப்படித்தான். பயிர் சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுங்கள்.